கடைசிப் பக்கத்தில் கைவிடாத மர்மக் கதைகள்: ஜப்பானிலிருந்து ஆறு புத்தகங்கள்

கடந்த ஒரு வருடமாக நான் காசு கொடுத்து வாங்கிய த்ரில்லர்களில் பாதிக்கு மேல் கடைசி முப்பது நாற்பது பக்கத்தில் கையை விரித்துவிட்டன. முன்னூறு பக்கம் வரை நன்றாகத்தான் போகும். காணாமல் போன மனைவி, சந்தேகப்படும்படி நடந்துகொள்ளும் கணவன், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எதையோ பார்த்துவிட்ட பெண், எல்லாம் சரி. அப்புறம் பார்த்தால் அதுவரை பேச்சிலேயே வராத இரட்டைச் சகோதரி ஒருத்தி வந்து நிற்பாள். இல்லையென்றால் முதல் பக்கத்திலிருந்து "நான், நான்" என்று கதை சொல்லிக்கொண்டு வந்த ஆளுக்குக் கொலையைப் பற்றி ஆதியோடந்தமாகத் தெரியுமாம், நம்மிடம் மட்டும் மறைத்துவிட்டாராம். இதைத் திருப்பம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சீட்டை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு ஜெயிக்கிற ஆட்டம் இது.

தமிழில் மின்னூலாக வருகிற புதிய க்ரைம் கதைகளிலும் தேடினேன். வேகம் இருக்கிறது, ஊர்களும் தெருக்களும் இருக்கின்றன, போலீஸ் ஸ்டேஷன் பேச்சு கூட இயல்பாக வருகிறது. முடிச்சு அவிழ்கிற இடத்துக்கு வந்தால் மட்டும் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன் வருகிறது, "சார், ரிப்போர்ட் வந்துடுச்சு" என்கிறார்கள், கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. யாரும் எதையும் யோசிக்கவே இல்லை. சுஜாதாவின் கணேஷ்-வசந்த்தையும் ராஜேஷ்குமாரின் விவேக்கையும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவையும் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிட்டு இறங்கிய தலைமுறை நாம். இந்த வகைக் கதை மேல் நமக்கு இளக்காரம் கிடையாது, பாசம்தான் உண்டு. அதனால்தான் ஏமாற்றமும் இந்த அளவுக்கு உறுத்துகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. துப்பறிகிறவருக்குத் தெரிகிற தடயம் எல்லாம் எனக்கும் தெரிய வேண்டும். என் கண் முன்னால் வைத்துவிட்டு, நானே அதைத் தாண்டிப் போகும்படி செய்ய வேண்டும். விடை தெரிந்த பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்த்தால் அந்த வரி அங்கேயே இருக்க வேண்டும், நான் ஏற்கெனவே படித்த அதே வரி. இப்படி ஏமாந்தால் சந்தோஷமாக இருக்கும், உடனே இன்னொரு தடவை படிக்கத் தோன்றும்.

இந்தத் தேடலில்தான் ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பக்கம் வந்து சேர்ந்தேன். லண்டனில் உள்ள புஷ்கின் பிரஸ், 2015இல் புஷ்கின் வெர்டிகோ என்ற பெயரில் குற்றக் கதைகளுக்கென்றே ஒரு வரிசையைத் தொடங்கியது. ஜப்பானின் பழைய, புதிய மர்மக் கதைகள் பலவும் இன்று ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைப்பதற்கு அந்த வரிசை ஒரு முக்கியக் காரணம். பெங்குயினும் வேறு சில பதிப்பகங்களும் மற்றவற்றைக் கொண்டு வந்திருக்கின்றன. நான் படித்ததில் ஆறு புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். எதிலும் முடிவை உடைக்க மாட்டேன், நம்பிப் படிக்கலாம்.

முதலில் செய்ச்சோ மட்சுமோட்டோவின் 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'. இந்த ஆறில் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1957இல் ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து 1958இல் புத்தகமானது. ஆங்கிலத்தில் 1970இலேயே 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்' என்ற தலைப்பில் வந்திருக்கிறது, இப்போது கடைகளில் கிடைப்பது ஜெஸ்ஸி கர்க்வுட்டின் 2022 மொழிபெயர்ப்பு. ஃபுகுவோகா பக்கத்தில் காஷி என்கிற கடற்கரையில், பாறைகள் மேல் ஒரு ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் செத்துக் கிடக்கிறார்கள். சயனைடு. காதலர்கள் சேர்ந்து தற்கொலை செய்துகொண்டார்கள் என்று உள்ளூர்ப் போலீஸ் கோப்பை மூடப் பார்க்கிறது. ஆண் ஒரு அமைச்சகத்தில் அதிகாரி, அந்த அமைச்சகத்தில் அப்போது லஞ்ச ஊழல் விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பெண் டோக்கியோவில் ஒரு உணவு விடுதியில் பரிமாறுகிறவள்.

டொரிகாய் என்கிற வயதான உள்ளூர் துப்பறிவாளருக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம் இடிக்கிறது. செத்தவனின் பாக்கெட்டில் ரயில் உணவுப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீது இருக்கிறது, அதில் ஒரு ஆள் என்று போட்டிருக்கிறது. சேர்ந்து சாகக் கிளம்பிய இரண்டு பேர், அவ்வளவு நீண்ட பயணத்தில், ஒருவர் மட்டும் எழுந்து போய்ச் சாப்பிடுவாரா? வீட்டுக்குப் போய்க் கல்யாண வயதில் இருக்கிற மகளிடம் கேட்கிறார். காதலன் சாப்பிடப் போனால், தனக்குப் பசி இல்லாவிட்டாலும் அவள் கூடப் போய் உட்கார மாட்டாளா என்று. மகள் சொல்கிற பதில், இது வயிறு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பிரியம் சம்பந்தப்பட்டது என்கிற மாதிரி இருக்கும். கைரேகை இல்லை, டிஎன்ஏ இல்லை, ஒரு சாப்பாட்டு ரசீது. அங்கிருந்து கதை முழுவதும் கிளம்புகிறது. ரயிலில் நாலு பேராகப் போனால் ஒருவருக்கு வாங்கியதை நாலு பேரும் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுகிற நமக்கு இந்தச் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு இடம் டோக்கியோ ரயில் நிலையம். பதின்மூன்றாம் நடைமேடையில் நிற்கிற சாட்சிகள், பதினைந்தாம் நடைமேடையில் அந்த ஜோடி தூரப் பயண ரயிலில் ஏறுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நடுவில் இருக்கிற தண்டவாளங்களில் எப்போதும் ஏதாவது ரயில் வந்து நின்று பார்வையை மறைத்துக்கொண்டே இருக்கும். இங்கிருந்து அங்கே தடையில்லாமல் தெரிவது மாலை 5.57இலிருந்து 6.01 வரை, அந்த நாலே நிமிடம்தான். அந்த நாலு நிமிடத்துக்குள் சாட்சிகள் அங்கே வந்து நின்றது தற்செயலா, யாராவது கூட்டி வந்து நிறுத்தினார்களா? எழும்பூரிலோ சென்ட்ரலிலோ நின்றுகொண்டு, எதிர் நடைமேடையில் இருக்கிற சொந்தக்காரரைக் கைகாட்டிக் கூப்பிடுவதற்குள் நடுவில் ஒரு ரயில் வந்து மறைத்த அனுபவம் இல்லாதவர் யார்? மட்சுமோட்டோ புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லோர் கையிலும் இருந்த கால அட்டவணையை எடுத்து அதிலிருந்தே ஒரு கொலையைக் கட்டியிருக்கிறார். கதையில் வரும் நேரங்கள் 1957ஆம் வருட அட்டவணைப்படி இருப்பவை என்று புத்தகத்திலேயே குறிப்பு இருக்கிறது, அன்று படித்தவர்கள் தாங்களே சரிபார்த்திருக்கலாம்.

நடுவில் ஒரு நோயாளிப் பெண் எழுதிய சின்னக் கட்டுரை வருகிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவள், ரயில் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நிமிடத்தில் நாட்டின் எந்தெந்த ஊர் ஸ்டேஷனில் எந்தெந்த ரயில் வந்து நிற்கும் என்று கற்பனை செய்கிறாள். மர்மக் கதைக்குள் இவ்வளவு ஏக்கமான ஒரு பக்கத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை, அந்தப் பக்கமும் வீணாக அங்கே இல்லை என்பது பிறகுதான் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. டோக்கியோவிலிருந்து வரும் மிஹாரா என்கிற இன்ஸ்பெக்டருக்கு ஒரு விஷயம் ரொம்ப நேரம் தோன்றவே தோன்றாது, இன்றைக்குப் படிக்கிற நமக்கு அது சீக்கிரமே தோன்றிவிடும், "ஐயா, அதைப் பாருங்களேன்" என்று சொல்லத் தோன்றும். கடைசி விளக்கம் கடித வடிவில் வருவதும் கொஞ்சம் அவசரமாக இருக்கிறது. இருந்தாலும் நூற்றைம்பது சொச்சம் பக்கத்துக்குள் இத்தனை இறுக்கமாக ஒரு கதையைச் சமீபத்தில் நான் படிக்கவில்லை. கொலையை விட அதற்குப் பின்னால் இருக்கிற அலுவலக ஊழலும், மேலே இருப்பவர்களைக் காப்பாற்றக் கீழே இருப்பவன் பலியாவதும்தான் படித்து முடித்த பிறகு மனதில் கிடந்து உழல்கிறது. மட்சுமோட்டோ வறுமையில் வளர்ந்து, பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் வடிவமைக்கும் வேலை பார்த்து, நாற்பதுக்கு மேல்தான் எழுத்தாளராக நிலைபெற்றவர். அந்த அனுபவம் ஒவ்வொரு சின்ன அதிகாரி வருகிற இடத்திலும் தெரிகிறது.

அடுத்தது கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. 2005இல் ஜப்பானில் வந்து நவோக்கி என்கிற இலக்கியப் பரிசு வாங்கியது, 2011இல் ஆங்கிலத்தில் வந்தது, மறு வருடம் மர்மக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. பெயரைக் கேள்விப்படாதவர்களுக்கும் கதை தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. 2019இல் விஜய் ஆண்டனியும் அர்ஜுனும் நடித்து வந்த 'கொலைகாரன்' இதன் சாயலில் வந்ததுதான், இந்தியில் கரீனா கபூர் நடித்த 'ஜானே ஜான்' 2023இல் வந்தது. படம் பார்த்தாயிற்று, இனிமேல் புத்தகம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். படத்தில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது.

கொலைகாரர் யார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. தொந்தரவு கொடுக்கும் முன்னாள் கணவனை யாசுகோ என்கிற பெண் தன் வீட்டில் வைத்து, தன் மகள் கண்ணெதிரே, கொன்றுவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இஷிகாமி, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், யாசுகோ வேலை பார்க்கும் கடையில் தினமும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குகிறவர், சத்தம் கேட்டுக் கதவைத் தட்டி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அவ்வளவும் நமக்குத் தெரியும். போலீஸுக்குத்தான் தெரியாது. அப்புறம் நானூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட எதைத்தான் படிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு படித்தால், நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததில்தான் கை வைத்திருக்கிறார் மனிதர். 'பாபநாசம்' பார்த்து அசந்தவர்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

ஒரு இடத்தில் இஷிகாமி தான் வினாத்தாள் தயாரிக்கும் விதத்தைச் சொல்கிறார். பார்த்தால் வடிவியல் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் அது இயற்கணிதக் கணக்கு. மனப்பாடம் செய்து வருகிற மாணவன் அங்கே மாட்டிக்கொள்வான். இது சும்மா பள்ளிக்கூடப் பேச்சாகப் போய்விடுகிறது, நாமும் தாண்டிப் போய்விடுகிறோம். புத்தகத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆசிரியர் வாசகரிடம் இதைவிட வெளிப்படையாகப் பேசவே முடியாது. தடயங்கள் மட்டும் என்ன குறைவா, கொலை நடந்த தேதி, சினிமா டிக்கெட்டின் கிழித்த பாதி, போலீஸ் கேட்டால் எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று இஷிகாமி சொல்லிக்கொடுப்பது, எல்லாம் நம் முன்னால் நடக்கிறது. எதிர்ப்பக்கம் யுகாவா என்கிற இயற்பியல் பேராசிரியர், இஷிகாமியின் கல்லூரிக் கால நண்பர். உலகத்தில் தன் மூளைக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே மனிதன் தன்னையே துரத்துகிறான் என்பது இஷிகாமிக்குத் தெரியும், துரத்துகிறவனுக்கும் தன் நண்பன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியும். இருவரும் சேர்ந்து நடந்து போகிற காட்சிகளில் ஒரு வார்த்தை கூட உரக்கப் பேச மாட்டார்கள், ஆனால் எனக்கு அங்கேதான் நெஞ்சு படபடத்தது.

ஒரு எச்சரிக்கை. இஷிகாமியின் பிரியத்தைப் புத்தகம் கொண்டாடுகிறதா, கேள்வி கேட்கிறதா என்று எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் தெரிய வரும் ஒரு செயலை வைத்துப் பார்த்தால் அதைப் பிரியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யாசுகோவுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கொடுத்திருக்கலாம் என்பதும் என் குறை. அவளைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது, அவள் மனதுக்குள் நாம் போவது குறைவு.

சரி, இப்போது பழசுக்குப் போவோம். செய்ஷி யோகோமிஸோ. போர்க்காலத்தில் ஜப்பானில் துப்பறியும் கதை எழுதவே விடவில்லை, அது எதிரி நாட்டுச் சரக்கு என்கிற மாதிரி ஒதுக்கிவைத்திருந்தார்கள். போர் முடிந்த கையோடு, 1946இல், புதிதாகத் தொடங்கிய 'ஹோசெகி' பத்திரிகையில் யோகோமிஸோ 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' தொடரை ஆரம்பித்தார். ஜப்பான் துப்பறியும் எழுத்தாளர்கள் சங்கம் 1948இல் தன் முதல் விருதை இந்தக் கதைக்குத்தான் கொடுத்தது. வருடக்கணக்காக வாயைக் கட்டி வைத்திருந்த ஒருவர் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ அந்த உற்சாகம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. உலகத்தில் எழுதப்பட்ட பூட்டிய அறைக் கொலைக் கதைகளை, அதாவது உள்ளே பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படி வந்து போனான் என்பதே புதிராக இருக்கிற கதைகளை, எல்லாம் கதைக்குள்ளேயே பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்து இளைய பையனின் அலமாரி நிறையத் துப்பறியும் நாவல்தான்.

1937 நவம்பர், ஓகயாமா பக்கத்து ஒரு கிராமம். ஊரில் பெரிய குடும்பமான இச்சியனாகி வீட்டில் மூத்த மகனுக்குக் கல்யாணம். பெண் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, அந்தஸ்து போதாது என்று குடும்பத்தில் பெரியவர்களுக்கு மனத்தாங்கல். அன்று இரவு புதுமணத் தம்பதி தங்கியிருந்த தனிக்கட்டடத்திலிருந்து அலறலும், கூடவே கோட்டோ என்கிற தந்தி வாத்தியத்தின் விசித்திரமான ஒலியும் கேட்கின்றன. கதவை உடைத்துப் போனால் இருவரும் ரத்த வெள்ளத்தில். வெளியே பனி பெய்து கிடக்கிறது, காலடித் தடம் ஒன்றுகூட இல்லை, முற்றத்தில் கல் விளக்குப் பக்கத்தில் வாள் ஒன்று தரையில் குத்தி நிற்கிறது. தங்க நிறத் திரைத் தட்டியில் மூன்று விரல்களின் ரத்தக் கறை. ஊருக்குள் மூன்று விரல் மட்டுமே உள்ள ஒரு பரதேசி வந்து போனதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு மர்மக் கதைக்கு என்ன வேண்டும்?

துப்பறிகிறவர் கோசுகே கிண்டாய்ச்சி. கசங்கிய உடை, பரட்டைத் தலை, உற்சாகம் வந்துவிட்டால் தலையைச் சொறிந்துகொண்டே திக்கித் திக்கிப் பேசுவார். மேதாவித்தனம் காட்டாதவர், வேலைக்காரர்களிடமும் சின்னப் பெண்ணிடமும் மரியாதையாகப் பேசி விஷயத்தை வாங்குகிறவர். முதல் புத்தகத்திலேயே பிடித்துப்போகிறது. கொலை நடந்த விதம் அபாரம். அதை நடத்திக்காட்டுகிற இடத்தைத் திரும்பவும் படித்துப் படம் வரைந்து பார்த்தேன். கொலைக்கான காரணம் மட்டும் இன்றைக்குப் படிக்கிறவருக்குக் கோபத்தை வரவழைக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு. ஆனால் அந்தக் குடும்பத்தின் வறட்டு ஜம்பத்தை யோகோமிஸோ ஆரம்பத்திலிருந்தே காட்டிக்கொண்டு வருவதால் அந்தக் காரணம் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அந்தஸ்து, குலப்பெருமை, ஊர் என்ன பேசும் என்கிற பயம், இதெல்லாம் நம் ஊர்ப் பெரிய வீடுகளிலும் பார்த்ததுதானே.

அவருடைய 'தி இனுகாமி கர்ஸ்' இன்னும் பெரிய கேன்வாஸ். பட்டு வியாபாரத்தில் கோடி கோடியாகச் சேர்த்த கிழவர் சாகிறார், உயில் வாசிக்கிறார்கள், மூன்று மகள்களுக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. சொத்து முழுவதும் தமாயோ என்கிற பெண்ணுக்கு, அவள் மூன்று பேரன்களில் ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அதில் ஒரு பேரன் போரிலிருந்து முகம் சிதைந்து, ரப்பர் முகமூடி போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான், அவன்தானா அவன் என்றே யாருக்கும் நிச்சயம் இல்லை. பாகப்பிரிவினைச் சண்டை எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உயில் வாசிக்கும் அத்தியாயம் ஒன்றுக்காகவே படிக்கலாம். புதிராக எடுத்துக்கொண்டால் 'ஹோன்ஜின்' அளவுக்கு இறுக்கம் இல்லை, தற்செயல்கள் கொஞ்சம் அதிகம், கிண்டாய்ச்சி பாவம் அடுத்தடுத்து விழும் பிணங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார். கதையாக எடுத்துக்கொண்டால் இதுதான் அதிகம் சுவாரசியம்.

யுகிதோ அயத்சுஜியின் 'தி டெகாகன் ஹவுஸ் மர்டர்ஸ்' 1987இல் வந்தது. மட்சுமோட்டோவுக்குப் பிறகு ஜப்பானில் சமூகப் பிரச்சினையைப் பேசும் குற்றக் கதைகள் கோலோச்ச, அறை வரைபடமும் தனித்தீவுமாக எழுதுவது பழைய பாணி என்று ஆகிவிட்டிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்த இளைஞர் கூட்டத்துக்கு இந்தப் புத்தகம்தான் கொடி. பல்கலைக்கழகத்தின் மர்மக் கதைச் சங்கத்து மாணவர்கள் ஏழு பேர், எல்லரி, அகதா, போ, கார் என்று பழைய எழுத்தாளர்களின் பெயரையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கூப்பிடுகிறவர்கள், கொலைகள் நடந்த ஒரு தீவில் பத்து பக்கச் சுவர்கள் கொண்ட, பத்துக்கோண வடிவ வீட்டில் போய்த் தங்குகிறார்கள். காபிக் கோப்பை கூடப் பத்து பக்கம். ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். அதே நேரத்தில் கரையில் இருக்கிற வேறு சிலருக்குச் செத்துப்போனவரின் பெயரில் கடிதம் வருகிறது. அகதா கிறிஸ்டியின் 1939 தீவுக் கதையான 'அண்ட் தென் தேர் வேர் நன்' படித்தவர்களுக்கு அமைப்பு தெரிந்ததுதான், அயத்சுஜியும் அதை மறைக்கவில்லை. உண்மை வெளிவருவது ஒரே ஒரு வரியில். அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆனால் மாணவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அச்சு, ஒருவர் செத்தால் நமக்கு வருத்தமே வருவதில்லை. புதிருக்காக மட்டும் படிக்க வேண்டிய புத்தகம், அதற்கு மட்டும் முழு மார்க்.

கடைசியாக சோஜி ஷிமாதாவின் 1981 நாவல் 'தி டோக்கியோ ஸோடியாக் மர்டர்ஸ்'. 1936இல் ஒரு ஓவியர் பூட்டிய ஸ்டூடியோவில் கொல்லப்படுகிறார், அவர் எழுதி வைத்த பயங்கரமான திட்டத்தின்படியே அவர் குடும்பத்துப் பெண்கள் ஆறு பேரும் பிறகு கொல்லப்படுகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் யாராலும் தீர்க்க முடியாத அந்த வழக்கை மிதாராய் என்கிற ஜோசியர் எடுக்கிறார். நடுவில் ஆசிரியரே கதையை நிறுத்திவிட்டு, இதோ தடயம் எல்லாம் கொடுத்தாயிற்று, இனி நீங்களே கண்டுபிடிக்கலாம் என்று வாசகருக்குச் சவால் விடுகிறார். இதைவிட நேர்மை வேண்டுமா? நான் அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உண்மையிலேயே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. விடை அவ்வளவு எளிமையானது, இந்த ஆறு புத்தகங்களில் தந்திரம் என்று மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஆனால் முதல் ஐம்பது பக்கம் கரடுமுரடு. ராசி, கிரகம், உலோகம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று கொட்டுகிறார். நடுவில் கியோட்டோவில் சுற்றுகிற பகுதியும் இழுவை. உடல்களைச் சிதைக்கிற விவரங்களும் இருக்கின்றன, அது ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்த்துவிடலாம்.

படிக்கும்போது வரும் ஒரே நடைமுறைச் சிக்கல் பெயர்கள். கென்சோ, ரியூஜி, சபுரோ, ரியோசுகே என்று ஒரே வீட்டில் அத்தனை பேர், ஆரம்பத்தில் யார் யாருக்கு அண்ணன் என்று குழம்பும். யோகோமிஸோ புத்தகங்களில் முன்னாலேயே பாத்திரங்களின் பட்டியல் இருக்கிறது, புத்தகக்குறியை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். மின்னூலாக வாங்கினால் இந்தப் பட்டியலுக்கும் வீட்டு வரைபடத்துக்கும் போய் வருவது எரிச்சலாக இருக்கும், அதனால் 'ஹோன்ஜின்', 'டெகாகன்', 'ஸோடியாக்' மூன்றையும் அச்சுப் புத்தகமாகவே வாங்குவது நல்லது. மற்றவை மின்னூலிலும் வசதிதான். ஆங்கிலம் எதிலும் கடினம் இல்லை. லூயிஸ் ஹீல் கவாய் செய்திருக்கும் 'ஹோன்ஜின்' ஊர்க் கதையை யாரோ திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தொனியில் போகிறது, 'டெகாகன்' உரையாடல்கள் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கின்றன. ஆங்கில நாவல் அதிகம் படித்துப் பழக்கம் இல்லாதவர்கள் கூட 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்'ஸைத் தைரியமாக எடுக்கலாம்.

விலை நம் ஊர் பாக்கெட் நாவலோடு ஒப்பிட்டால் அதிகம்தான், மறுக்கவில்லை. நூலகத்திலோ நண்பரிடமோ கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். காசு கொடுத்து ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'சஸ்பெக்ட் எக்ஸ்' வாங்குங்கள், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். துப்பறியும் கதை என்றால் மூளைக்கு வேலை வேண்டும் என்கிறவர்கள் 'ஹோன்ஜின்'னில் ஆரம்பித்து 'டெகாகன்' போய், அப்புறம் 'ஸோடியாக்' எடுங்கள், நேரே கடைசிக்குப் போனால் அந்த முதல் ஐம்பது பக்கத்திலேயே நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. எதை எடுத்தாலும் இணையத்தில் கதைச்சுருக்கம் தேடாதீர்கள், 'டெகாகன்' விஷயத்தில் இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கிண்டாய்ச்சி பிடித்துப்போனால் 'டெத் ஆன் கோகுமோன் ஐலண்ட்', 'தி வில்லேஜ் ஆஃப் எய்ட் கிரேவ்ஸ்' இரண்டும் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. நான் கோகுமோன் தீவை ஆரம்பித்து முதல் நூறு பக்கம் தாண்டியிருக்கிறேன், இதுவரை யாரையும் எதையும் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை.